சாம் தம்பி சொன்ன சாட்சி

சாம் போய்ட்டான்.

முந்தாநாள் காலைல வேலைக்குக் கிளம்பி, ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சவன்... அப்படியே. ஹார்ட் அட்டாக். ஐம்பது கூட ஆகல.

ரெண்டாயிரத்துக்கு முன்னப் பின்ன ஆம்பூர்ல ஸ்கூல் படிச்சவங்களுக்கு அவனோட கம்ப்யூட்டர் சென்டர் ஞாபகம் இருக்கும். பஜார்ல, செருப்புக் கடைக்கு மேல் மாடி.

நான் எட்டாவதோட நின்னவ. சபை மாதர் சங்கக் கணக்கை கம்ப்யூட்டர்ல போடக் கத்துக்கலாம்னு போனேன். ஒரு நாள் வேலை முடிஞ்சு கிளம்பும்போது, "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க"ன்னு ஒரு கேமைப் போட்டான்.

ராஜா, கோட்டை, படை, மந்திரவாதி. பழைய கேம் ஒண்ணு இருக்காம், இது அதுக்கு மேல வந்த எக்ஸ்பான்ஷனாம். உள்ள தனித்தனிக் கதைங்க, அதுக்கு கேம்பெய்ன்னு பேரு. ஒண்ணை முடிச்சாதான் அடுத்தது திறக்கும்.

சண்டை எனக்கு ஆகாது. கதைக்காகத்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கு முன்னாடியும் இங்கிலீஷ்ல ஒரு பக்கம் வரும்... டிக்‌ஷ்னரியை மடியில வெச்சுக்கிட்டுப் படிப்பேன்.

பொன்னு, மரம், கல்லு எல்லாம் சேர்த்து வெச்சுக்கிட்டு படைக்கு ஆளே எடுக்க மாட்டேன். "எதிரி கோட்டை வாசல்ல நிக்கறான்க்கா, நீங்க இன்னும் சிக்கனம் பண்றீங்க"ன்னு தலையில அடிச்சுப்பான். தப்பித் தவறி நான் ஜெயிச்சுட்டா, சென்டர்ல இருக்கற அத்தனை பேருக்கும் சொல்லிட்டு வருவான்.

கடைசிக்கு முந்தின கேம்பெய்ன் ஒரு தளபதியோட கதை. மலைக் கணவாயைக் காக்க அவனை அனுப்பின ராஜா, பின்னாலயே படை வரும்னு சொல்லிட்டு அனுப்பவே இல்ல. அவனோட ஆளுங்க எல்லாரும் சாவறாங்க. தளபதி செத்தவங்களை எழுப்பி, எலும்புக்கூட்டுப் படையா கூட்டிக்கிட்டு ராஜா கிட்டப் போறான். ஏன் வரலன்னு கேக்க.

ராஜா இன்னா பதில் சொன்னான்றது அடுத்த கேம்பெய்ன்ல. அதுக்காகத்தான் அந்தப் படையை ஓட்டிக்கிட்டு இருந்தேன்.

லெந்து நாள் அது, ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற நோன்புக் காலம். கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்க எங்க சபை மூப்பர் மாடி ஏறி வந்தார். ஸ்க்ரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதையைச் சொல்ல ஆரம்பிச்சேன். பாதியில இறங்கிப் போய்ட்டார்.

மறுநாளே கமிட்டி கூடிச்சு. சாத்தானோட விளையாட்டாம். சபை ஸ்கூல் பிள்ளைங்களுக்கு கம்ப்யூட்டர் கிளாஸ் சாம் சென்டர்லதான். அதை நம்பித்தான் லோன் போட்டு மெஷின் எல்லாம் வாங்கியிருந்தான். ஞாயித்துக்கிழமை ஆராதனையில அவன் எழுந்து நின்னு, நான் சாத்தானுக்கு இடம் கொடுத்துட்டேன்னு சாட்சி சொல்லி, அந்த சிடியை உடைச்சுட்டா கிளாஸ் தொடரும்னாங்க.

பொய் சாட்சி சொல்லாதடா தம்பின்னு சொன்னேன்.

"அடுத்தவனுக்கு எதிராத்தானேக்கா சொல்லக் கூடாது? எனக்கு எதிரா நானே சொல்லிக்கறேன். சென்டர் நின்னா போதும்"னு சிரிச்சான்.

சொன்னான். மைக் முன்னாடி, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, தலை குனிஞ்சு. அவங்க எழுதிக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாவே சொன்னான். சிடி லேசுல உடையல, வளைஞ்சு வளைஞ்சு கொடுத்துச்சு... உடைஞ்சப்போ கட்டை விரலைக் கிழிச்சிடுச்சு. ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சபை முழுக்க ஒரே சத்தம். கர்ச்சீப்பைச் சுத்திக்கிட்டு சாம் வந்து உட்கார்ந்தான்.

திங்கக்கிழமை ஒரு பிள்ளை கூட வரல.

அம்மாமாருங்களை வீடு வீடாப் போய்க் கேட்டேன். எல்லாரும் ஒரே பதில்தான். "அவனே ஒத்துக்கிட்டானேக்கா."

நேரா மூப்பர் வீட்டுக்குப் போனேன். சொன்னபடி செஞ்சானே, கிளாஸ் எங்க அய்யான்னு கேட்டேன்.

"மன்னிச்சுட்டோம்மா. மன்னிக்கறது வேற, பிள்ளைங்களை அனுப்பறது வேற."

"வேதத்துல ஒரு பள்ளத்தாக்கு நெறைய எலும்பு எழுந்து நிக்குதே அய்யா... அந்தப் பக்கத்தையும் கிழிச்சிடலாமா?"

வீட்டைப் பாருங்கம்மான்னுட்டார்.

அந்த மழைக்காலத்துக்குள்ள சென்டரைக் காலி பண்ணிட்டான். ஷூ கம்பெனி டிஸ்பேட்ச்ல, அட்டைப்பெட்டி மேல லேபிள் ஒட்டற வேலை. சாகற வரைக்கும் அதேதான்.

நடுவுல ஒரு தடவை வேலூர் லாங் பஜார்ல பார்த்தேன். கைவண்டிக்காரர் எங்க ரெண்டு பேரையும் திட்டித் திட்டி ஒதுக்க, நடுத்தெருவுல நின்னு பேசினோம். தம்பி, ராஜா இன்னா சொன்னான்னு இப்பவாவது சொல்லேன்னேன்.

"நானும் பார்க்கலக்கா. நீங்க முடிப்பீங்க, கூட உட்கார்ந்து பார்க்கலாம்னு வுட்டுட்டேன்."

வேற சிடி கிடைக்காதாடான்னு கேட்டதுக்கு, "உடைச்சது நான்தானேக்கா"ன்னான். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போய்ட்டான்.

இப்போ எல்லாரும் போட்டோ போட்டு ரிப் ரிப்னு போடறீங்க. பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். அன்னைக்குப் பிள்ளைங்களை நிறுத்தின அம்மாமாருங்களும் லைன்ல இருக்கீங்க.

நேத்து அடக்க ஆராதனை. மூப்பருக்கு இப்போ வயசாயிடுச்சு, ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டாங்க. சாமைப் பத்திப் பேச அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் கிடைச்சுது. "சாத்தானின் கிரியைகளை விட்டு விலகி, நம்ம சபையில் தைரியமாகச் சாட்சி சொன்ன மகன்"னார். சுத்தி நின்னவங்க ஆமென் சொன்னாங்க.

நான் சொல்லல.

நீங்க இன்னும் ஏன் அந்த சபைக்குப் போறீங்கன்னு யாரும் இன்பாக்ஸ்ல வராதீங்க. நான் கர்த்தரை மூப்பர் கிட்டருந்து வாங்கல.

எல்லாரும் மண்ணு போட்டுட்டு, கையைக் கழுவிட்டு, டீ குடிக்கப் போற வரைக்கும் நின்னேன். அப்புறம்தான் கிட்டப் போனேன்.

சாம்... நீ ஒரு தப்பும் பண்ணலடா தம்பி. போய்ட்டு வா.