நல்ல கால் சொன்ன பொய்

"நேத்து என்ன கனவு கண்டே?"

காலையில் பயிற்சிக்கூடத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவரிடமும் அக்கா கேட்கும் முதல் கேள்வி இதுதான். விளையாட்டு வீரர்களின் உடம்பைச் சோதித்து எழுதி வைப்பது அவர் வேலை. படிவத்தில் 'தூக்கம்: ஒன்று முதல் ஐந்து வரை' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாரும் கூசாமல் நாலு என்று சொல்லிவிட்டுப் போவார்களாம். "நாலுன்னு சொல்றதுல பாதிப் பேர் விடிய விடிய போனை நோண்டிட்டு வந்ததுங்க. கனவு என்னன்னு கேளுங்க, திருதிருன்னு முழிக்கும்!" சொன்ன கனவைப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். ஈட்டி எறிகிறவருக்கு ஈட்டி மேகத்தில் சிக்கிக்கொண்டது. பளு தூக்குகிறவருக்கு, தூக்கிய பளு தோளிலேயே தூங்கிவிட்டது. அவரைப் பற்றி எழுதப் போன நான் ஒரு முற்பகல் முழுக்க அந்த ஓரங்களையே படித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது எங்கே இருக்கிறேன் என்பதே ஒரு கணம் புரியவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவரைவிட மூத்த கோச்சுக்கும் அவர் அக்காதான். மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும்; கண்ணுக்கு இறங்கி நான் பார்த்ததில்லை. சோதனை நாளில் பாட்டுப் பெட்டியை அணைத்துவிடுவார், விளக்குகளில் பாதியையும். உயரச் சன்னல்களிலிருந்து வெளிச்சம் சரிந்து விழ, கையில் பூசும் வெள்ளைப் பவுடர் அதில் மெல்ல மிதந்துகொண்டிருக்கும். கூடமே அரைத்தூக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும்.

குதிக்கிற பாயோடு ஒரு சின்னப் பெட்டியை இணைத்திருக்கிறார்கள். எவ்வளவு உயரம் எழும்பினார்கள் என்று அது காட்டும். அக்கா அதைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "எவ்ளோ ஏறினாங்கன்னு பெட்டி சொல்லும். எப்படி இறங்கினாங்கன்னு காதுதான் சொல்லணும்." என்னையும் சும்மா விடவில்லை. மூச்சைப் பிடித்துக் குதித்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "சார், குதிச்சீங்களா, இல்ல குதிக்கலாமான்னு யோசிச்சீங்களா?" கூடமே சிரித்தது. எனக்குக் காது சிவந்துவிட்டது.

ஒரு வியாழக்கிழமை நீளம் தாண்டுகிற பெண் வந்தாள். முப்பத்திரண்டு வயது, பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்து ஒன்பது மாதம். சனிக்கிழமை தேர்வுப் போட்டி. ஒற்றைக் காலில் குதிக்கும்போது, அடிபட்ட கால் நல்ல காலின் உயரத்தில் தொண்ணூறு சதவீதமாவது எட்ட வேண்டும். எட்டினால் அக்கா கையெழுத்துப் போடுவார். போடாவிட்டால் பட்டியலில் அவள் பெயர் இருக்காது.

"என்னடி கனவு?"

"குதிச்சேன்க்கா. இறங்கவே இல்ல. அப்படியே மிதந்துட்டே இருந்தேன்."

அக்கா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

வலது கால், பத்தொன்பது சென்டிமீட்டர். இடது கால், பதினெட்டு. "தொண்ணூத்தஞ்சு சதவீதம்க்கா! போடுங்க கையெழுத்தை!" என்று கோச் கத்தினார். நானும் கைதட்டினேன், வெட்கமில்லாமல்.

அக்காவின் கண்கள் மூடியபடியே இருந்தன. "வலது, இன்னொரு தடவை." மறுபடியும் பத்தொன்பது. பழைய படிவங்களைப் புரட்டினார். அடிபடுவதற்கு முன்னால் அந்த வலது கால் இருபத்து நாலு குதித்திருக்கிறது.

"ஒன்பது மாசமா உன்னைத் தாங்கினதே அந்தக் கால்தானேடி? அது எப்படி மெலிஞ்சுது?"

அவள் தலை குனிந்தாள். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. நல்ல காலை வேண்டுமென்றே அடக்கிக் குதித்தால், அடிபட்ட கால் தானாகவே அதற்குச் சமமாகிவிடும். தன் பலத்தைத் தானே ஒளித்து வைக்கிற திருட்டை அன்றுதான் பார்த்தேன். கோச் திடீரென்று சன்னலைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

"பெட்டி சொன்னதைத்தானேக்கா எழுதப் போறீங்க," என்றார் அவர், மெதுவாக. "உங்களை யார் குத்தம் சொல்லப் போறாங்க?"

"யாரும் சொல்ல மாட்டாங்க."

"அப்ப எழுதிடுங்கக்கா," என்றாள் அவள். "இதை விட்டா எனக்கு வேற இல்ல. அடுத்த வருஷம் என்னை யாரு கூப்பிடுவாங்க?"

எழுதித்தான் தொலையுங்களேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அக்காவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்; பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"சனிக்கிழமை நீ ஓடி வந்து மணல்ல விழுறப்ப, இந்தப் பெட்டியா வந்து தாங்கும்?" என்றார். "ஒரே ஒரு தடவை நிஜமா குதி. அந்தக் கால் பாவம்டி. அதையும் பொய் சொல்ல வைக்காதே."

அவள் பாயின் நடுவில் போய் நின்றாள். இடுப்பில் கை வைத்து, வலது காலில் மட்டும் நின்று, முட்டியை மடக்கி, எழும்பினாள். வெளிச்சத்துக்குள் போய்விட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். பவுடர் விலகிச் சுழன்றது. அவள் இறங்கவே போவதில்லை என்று சத்தியமாக எனக்குத் தோன்றியது.

இருபத்தைந்து. அடிபடுவதற்கு முன்பு குதித்ததைவிட ஒரு சென்டிமீட்டர் அதிகம். இடது காலின் பதினெட்டு அதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

அவள் பாயிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். கோச் வெளியே போய்விட்டார். அக்கா பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். அவள் எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவளுடைய வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஷூவின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.