மேல்கம்பிக்குச் சிவப்பு

பிரஷ்ஷைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையில் சிவப்பு பெயின்ட் டப்பாவோடு ஜின்சி ஏணியில் ஏறுகிறாள். பலகைகளின் மேல் பரப்பிக் கட்டியிருக்கும் கம்பிகளில் சிலவற்றுக்கு மட்டும் குனிந்து குனிந்து சிவப்பு வைக்கிறாள்.

"ஏட்டி, கம்பிக்குப் பொட்டு வைக்க வந்தியா? பூவும் வாங்கணுமா?" என்கிறார் கொத்தனார் தேவகுமார்.

"நீரு அதுக்க மேல சவுட்டாம நடந்தா போதும் மாமா."

தக்கலையில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அறையின் நீளம், அகலம், தாங்க வேண்டிய பாரம் எல்லாவற்றையும் கணினியில் தட்டிக் கொடுத்தால், கான்கிரீட் தளத்தில் எந்தக் கம்பி எவ்வளவு இடைவெளியில், மேலே வருமா கீழே வருமா என்று சாஃப்ட்வேர் வரைந்து காட்டும். கீழ்க்கம்பி நீலம், மேல்கம்பி சிவப்பு. திரையோடு அவள் ஓயாமல் பேசுவாள். "ஏலே, அங்க எதுக்கு இத்தன கம்பி? ஒனக்க அப்பன் வீட்டுத் துட்டா?" என்று அதட்டுவாள். கணக்கைச் சரிபார்த்துவிட்டு, "சரி மக்கா, நீ சொன்னதுதான்" என்று சமாதானமாவாள்.

போன வருடம்வரை அவள் ஒரு கட்டடத்திலும் ஏறியதில்லை.

மணவாளக்குறிச்சியில் எங்கள் தெருவில், குவைத்திலிருந்து திரும்பிய ததேயுஸ் வீடு கட்டினார். வாசலுக்கு மேல் தூணே இல்லாமல் ஆறடி நீட்டிய போர்ட்டிகோ. அப்படி நீளும் தளம் தன் பாரத்தால் முன்பக்கம் தொங்கப் பார்க்கும். அப்போது இழுபடுவது அதன் மேல்பக்கம். அதனால் கம்பி மேலே இருக்க வேண்டும். ஜின்சியின் சாஃப்ட்வேரும் அப்படித்தான் போட்டிருந்தது. வரைபடம் நிறம் நிறமாக அழகாக இருந்ததால், ததேயுஸ் அதை லேமினேட் செய்து திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டிவிட்டார். கொத்தனாரிடம் கொடுத்தது ஜெராக்ஸ். அதில் சிவப்பும் கறுப்பு, நீலமும் கறுப்பு. கம்பி முழுவதும் கீழே போனது.

தளத்தைத் தாங்கிய முட்டுக்கம்புகளை எடுத்த நாள் நான் எதிர்மதில் அருகே நின்றேன். பாதி முட்டுகளைத் தட்டிய தேவகுமார் வெற்றிலை துப்ப வெளியே வந்தார். அவர் துப்பவில்லை. முதுகுக்குப் பின்னால் போர்ட்டிகோ அப்படியே இறங்கிவிட்டது. சத்தம் எனக்கு நினைவில்லை. தூசிக்குள் அவர் வாயைத் திறந்தபடி நின்றது மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சேதி கேட்டு ஓடி வந்த ஜின்சி அந்த ஜெராக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். 'மேல்', 'கீழ்' என்று அவள் எழுத்தில் போடவில்லை. "நெறம் போவும்னு எனக்குத் தோணல்லியே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது எழுதுகிறாள். அது போதாதென்று டப்பாவும் தூக்குகிறாள்.

போன மாதம் அப்படி ஏணியில் ஏறி அவள் பொட்டு வைத்தது அதே வாசலுக்கு மேல், புதிதாகப் போட்ட போர்ட்டிகோவுக்குத்தான். நேற்று அதன் முட்டுகளை எடுக்க வேண்டியிருந்தது. ததேயுஸ் ரோட்டுக்கு அந்தப்பக்கம் போய்விட்டார். தேவகுமார் சுத்தியலை எடுத்தார். மறுபடி கீழே வைத்தார்.

"எனக்கு முடியாது மக்ளே. வேற ஆளப் பாரு."

ஜின்சி போர்ட்டிகோவுக்கு நேர் அடியில் போய் நின்றாள்.

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சா? வெளிய வா!"

"வெளி ஓரத்துலேருந்து தட்டும் மாமா" என்றவள் துப்பட்டா முனையைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

எனக்கு அவளை இழுத்துவர வேண்டும்போல் இருந்தது. அதற்குள் தேவகுமார் சுத்தியலை எடுத்துத் தட்ட, முதல் முட்டு விழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக. கடைசி முட்டும் விழுந்த பிறகு தளம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்போதுதான் அவள் துப்பட்டாவைப் பல்லிலிருந்து எடுத்தாள். முனை கிழிந்திருந்தது.