அக்கா கேட்ட கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் ஐந்தருவியில் என் மைத்துனன் சுடலை என்னைப் பிடித்துத் தள்ளினான்.

"அத்தான், எவ்வளவு நேரம் நிப்பீங்க? மத்தவங்களும் குளிக்கணும்லா!"

சீசன் கூட்டம் மொத்தமும் சிரித்தது. எனக்குக் கோபம் வர வேண்டும்தானே? வரவில்லை. என் மனைவி செல்விக்கோ கண் கலங்கிவிட்டது. சாரல் என்று சமாளித்தாள்.

காரணம் இருக்கிறது.

சுடலை அவளுடைய தம்பி. போன வருஷம் வளைகுடாவில் வேலை போய் ஊர் திரும்பியவன், மேலகரத்தில் தனியாக இருந்தான். தூக்கம் இல்லை, சரியான சாப்பாடு இல்லை, போன் செய்தால் எடுப்பதில்லை. ஒருநாள் தன் உயிரான கேமராவை எங்கள் வீட்டு மேஜையில் வைத்தான். "இனிமே எனக்கு எதுக்குக்கா? நீயே வச்சுக்கோ."

செல்வி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏலே... சாகணும்னு தோணுதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படியா கேட்பது? இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டால்?

"ஆமாக்கா" என்றான். அழுதான்.

அவள் பதறவில்லை, திட்டவில்லை. "சொல்லுல. நான் எங்கனயும் போகல."

நான் அறிவுரை சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பத்திரிகையில் வாராவாரம் உபதேசம் எழுதுகிறவனுக்கு இதைவிடத் தண்டனை உண்டா?

அன்று அவனைத் தனியே விடவில்லை. மறுநாள் தென்காசியில் மனநல டாக்டரிடம் போகலாம் என்று செல்வி கூப்பிட்டபோது முறைத்தான். "நான் என்ன பைத்தியமா?"

"எனக்கு சுகர். மாசாமாசம் டாக்டர்ட்ட போவுதேன்லா? நான் பைத்தியமா? கெளம்புல!"

கிளம்பினான்.

டாக்டர் செல்வியிடம் சொன்னார்: "நேரா கேட்டது நல்லதும்மா. கேக்கறதால அந்த எண்ணம் வந்துராது. மனசு விட்டுப் பேச வழி கிடைக்கும்." ஆபத்தான பொருள் எதுவும் அவன் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னார். செய்தோம்.

எங்களோடுதான் தங்கினான். மாத்திரை, கவுன்சலிங், சாயங்கால நடை. ஒரே வாரத்தில் சரியாகிவிட்டதா? எங்கே! ஒரு நல்ல நாள் வந்தால், பின்னாலேயே இரண்டு மோசமான நாள். மெல்ல மெல்லத்தான் அது மாறியது. செல்வி வைத்த ரசத்தை, "என்னக்கா, கழனித் தண்ணி மாதிரி இருக்கு?" என்று அவன் கேட்ட அன்று வீட்டில் திருவிழா. சந்தோஷத்தில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள், பாவி!

இப்போது சுரண்டையில் ஒரு கடையில் வேலை. சிகிச்சையும் தொடர்கிறது. மேலகரம் வீட்டுக்கே திரும்பிவிட்டான்.

முந்தாநாள் அவனிடமிருந்து போன்.

"அத்தான், இன்னைக்கு மனசு சரியில்ல. கொஞ்சம் இங்கன வருதீங்களா?"

அவனே கூப்பிட்டுவிட்டான்! சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த விருந்துக்கும் போனதில்லை.