பக்கத்து வீட்டு ஐம்பதுகள்

சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரன் தன் காரைக் கழுவத் தொடங்குவான். காரைக் கழுவுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. மவுண்ட் வெல்லிங்டனில் எங்கள் தெருவில் பாதிப்பேர் சனிக்கிழமைகளில் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் இவனுடைய கார் எங்கள் வரவேற்பறையைவிட நீளம். பின்பக்கம் மீனுக்கு இருப்பதுபோல இரண்டு செட்டைகள். எவ்வளவு குனிந்து நிமிர்ந்தாலும் அவன் தலையில் ஒரு மயிர் கலையாது. நெற்றிக்கு மேலே தூக்கி, வளைத்து, மினுமினுவென்று நிற்கும் அந்தத் தலைவாரலுக்கு நாங்கள் ஊரில் குருவிக்கூடு என்று பெயர் வைத்திருந்தோம். காற்சட்டையின் கால்நுனி மடிப்பு, பின்பையில் நீட்டிக்கொண்டிருக்கும் சீப்பு, எல்லாம் ஐம்பதுகளின் அலங்காரம். ஆளுக்கோ நாற்பது வயதுகூட இராது. அந்த உடுப்பு நாகரிகமாக இருந்த காலத்தில் அவன் தொட்டிலில் கிடந்திருப்பான், அல்லது பிறந்தே இருக்கமாட்டான். தான் வாழாத ஒரு காலத்தை ஒரு மனிதன் எதற்காக உடுத்திக்கொள்கிறான்? ஒக்லாந்துக்கு வந்த நாலாவது வருடம், எனக்கு வேறு கவலைகள் இல்லாததுபோல, இந்தக் கேள்வி வந்து சேர்ந்தது.

நான் இயல்பிலேயே சந்தேகப் பிராணி. அதை ஒரு வியாதி என்று சொல்லுவாள் என் மனைவி பவானி. இருக்கலாம், ஆனால் அந்த வியாதியை வளர்த்துவிட்டதில் இந்த நாட்டுக்கும் பங்கு உண்டு. வந்த புதிதில் என்னைப் பார்த்துச் சிரித்த முதல் ஆள் மூன்றாம் வாரமே என்னைத் தன் தேவாலயத்துக்கு அழைத்தார். இரண்டாவது ஆள் தேநீருக்கு என்று வீட்டுக்குக் கூப்பிட்டு, சவர்க்காரத் தூள் விற்கும் கூட்டத்தில் என்னைச் சேர்க்கப் பார்த்தார். ஊரில் அரசாங்கப் படவரைஞனாக இருந்து, இங்கே விரி என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற எனக்கு, யாராவது காரணமில்லாமல் அன்பு காட்டினால் முதலில் அவர்கள் கையைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

அதனால் பக்கத்து வீட்டுக்காரி ஹினே ஒரு பை நிறைய ஃபீஜோவாப் பழங்களோடு எங்கள் வாசலுக்கு வந்தபோது நான் கதவைப் பாதிதான் திறந்தேன். அவள் இந்த நாட்டின் பூர்வகுடியான மவோரிப் பெண். நல்ல உயரம், தலையில் சிவப்புப் பட்டுத்துணி கட்டியிருந்தாள். கார் கழுவுகிற ட்ரெவர் அவள் கணவன். அவன் வெள்ளைக்காரன், கார் தகரத்தைத் தட்டிச் சீராக்குவது தொழில். ஹினேயின் கண் என்னைத் தாண்டி உள்ளே போய், பவானியின் தையல் இயந்திரத்தில் நின்றது. நான் நினைத்தது சரிதான், இவளுக்கும் ஏதோ வேண்டியிருந்தது. அது ஒரு பாவாடை. சுற்றினால் குடைபோல விரிய வேண்டிய பாவாடை. அவர்களுடைய ராக்கபில்லிக் கழகத்தில் ஆடுவதற்கு.

பவானி ஊரில் தையல் ஆசிரியை. மகள் டனீடன் நகரத்துக்குப் படிக்கப் போனபிறகு, பகல் முழுவதும் அவள் பேசுகிற ஆங்கிலம் பஸ் சாரதிக்குச் சொல்லும் நன்றி மட்டும்தான். ஹினேயின் பாவாடை வந்ததும் வீடு மாறிவிட்டது. நான் வேலையால் வரும்போது குசினியில் இரண்டு பெண்களின் சிரிப்பு கேட்கும். ஒருத்திக்கு ஆங்கிலம் சரியாக வராது, மற்றவளுக்குத் தமிழ் வராது, அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்கியதேயில்லை. ஆனால் பவானி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது. அவளுக்கு இந்த நாட்டில் கிடைத்த ஒரே சிநேகிதி ஹினே. அதை எழுதி வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்ல வேண்டும்.

ஐம்பதுகள் என்றால் எனக்கு நினைவு வருவது சித்தப்பாவின் தலை. கொழும்பில் கிளாக்கராக இருந்த அவர் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வரும்போது குருவிக்கூட்டோடும் ஆங்கில இசைத்தட்டுகளோடும்தான் வருவார். கண்ணாடி முன்னால் நின்று பாடியபடி அவர் தலைவாருவதைப் பார்க்க நாங்கள் வரிசையில் நிற்போம். தமிழரைத் தேடி அடித்த ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் அவர் போன பஸ்ஸைப் பாணந்துறைப் பக்கம் மறித்தார்கள். அந்தத் தலையையும் ஆங்கிலத்தையும் கண்டு அவரைப் பறங்கி என்று நினைத்து விட்டுவிட்டார்கள். பக்கத்தில் திருநீறு பூசியிருந்த அவருடைய கூட்டாளியை விடவில்லை. அகதிகளை ஏற்றி வந்த கப்பலில் சித்தப்பா காங்கேசன்துறையில் இறங்கியபோது நானும் ஐயாவும் போயிருந்தோம். எனக்கு எட்டு வயது. தண்ணீர் தொட்டுப் படிய வாரிய ஒரு தலையைப் பார்த்து, இவர் யார் என்று ஐயாவிடம் கேட்டேன். அவர் பிறகு சாகும்வரை தலையைத் தூக்கி வாரவேயில்லை, பாடவும் இல்லை.

இந்த லட்சணத்தில், ஐம்பதுகள் பொற்காலம் என்று ஒருவன் வேலிக்கு அப்பால் நின்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? ட்ரெவர் அப்படித்தான் சொன்னான். அமெரிக்காவின் தெற்கில், ஏழை வெள்ளைக்காரரின் நாட்டுப்பாட்டும் கறுப்பரின் இசையும் கலந்து பிறந்ததுதான் ராக்கபில்லி என்று விளக்கினான். ஆளுயர டபிள் பேஸ் வாத்தியத்தை நிறுத்தி வைத்து, நரம்பை இழுத்து அடித்துக் காட்டினான். சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. நாற்பது வருடமாக ஏன் இது சாகவில்லை என்று கேட்டேன். “பாட்டு சின்னது, மேட். பொய் சொல்ல நேரமிருக்காது” என்றான். நல்ல பதில்தான். நல்ல பதில்களை ஆயத்தமாக வைத்திருப்பவர்களையும் எனக்குச் சந்தேகம்.

ஞாயிறு பின்னேர ஆட்டத்துக்கு எங்களையும் நகரின் தெற்கோரத்தில் இருந்த பாபகூராவுக்கு அழைத்துப் போனார்கள். ஒரு பழைய மண்டபம், வெளியே செட்டை வைத்த கார்களின் வரிசை. உள்ளே தாதிமார், பெயின்டர்கள், இறைச்சிக் கடைக்காரர், இராணுவ முகாமில் சமைப்பவர் என்று கலந்த கூட்டம், அதில் மவோரிகளும் வெள்ளையரும் சரிபாதி. எந்த நாட்டில் இருந்து வந்தீர்கள் என்று ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை. இந்த நாட்டில் என்னிடம் அதைக் கேட்காத முதல் கூட்டம் அதுதான், அதுவே எனக்கு உறுத்தியது. வாத்தியங்கள் தொடங்கின. ஹினேக்கும் அவள் சிநேகிதிகளுக்கும் பவானி தைத்த பாவாடைகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன. அவள் தன் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹினே வந்து அவளுடைய கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பவானி சேலையோடு விழப்போகிறாள் என்று நான் பயந்தேன். அவள் விழவில்லை.

அப்போதுதான் மேடைக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். சிவப்புத் துணி, மூலைக்கு மூலை குறுக்கே போகும் இரண்டு நீலப் பட்டைகள், பட்டைகளில் வெள்ளை நட்சத்திரங்கள். அதைத் தொலைக்காட்சியில் கண்டிருக்கிறேன். அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருக்கும் உரிமைக்காகச் சண்டை பிடித்தவர்களின் கொடி. பிற்காலத்தில் முகத்தை மூடிக்கொண்டு கறுப்பரின் வீடுகளுக்கு நெருப்பு வைத்தவர்களும் அதையே பிடித்திருந்தார்கள். கறுப்பரின் இசை பாதி என்றவன், அதன் தலைக்கு மேலே இதைக் கட்டி வைத்திருக்கிறான். பவானி கறுத்த முகத்தில் வியர்வையோடு அதன் கீழே ஆடிக்கொண்டிருந்தாள். போகும் நேரம், விளக்கைக் கழற்ற ஒருவன் ஏணி சாத்தியபோது கொடியின் கீழ்மூலை கொளுவிக் கிழிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வழி முழுவதும் பவானி ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்ததால், அன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை.

அந்த வாரமே ஒரு நாள் வேலையால் வந்து கதவைத் திறந்தால், அந்தக் கொடி எங்கள் சாப்பாட்டு மேசையில் விரிந்து கிடந்தது. கிழிந்த மூலை தையல் ஊசிக்குக் கீழே இருந்தது.

“உது ஆரின்ர கொடியெண்டு தெரியுமே உமக்கு?” என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

“ஏன் கத்துறியள்? ஹினே கொண்டுவந்து தந்தவள். நட்சத்திரமும் குறுக்குக் கோடும் கிடக்கு, இந்த நாட்டுக் கொடியிலயும் அதுதானே கிடக்கு. கழகத்துக்கெண்டு மாத்தி அடிச்சிருக்கினம் எண்டு நினைச்சன். கையைக் கழுவிப்போட்டுத்தான் தொட்டனான்.”

குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்கு நாங்கள் காத்திருந்த காலம் அது. இந்த நாட்டுக் கொடி என்று நம்பிக் கையைக் கழுவியிருக்கிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். நான் செருப்பையும் கழற்றாமல் அப்படியே வேலிக்குப் போனேன்.

ட்ரெவர் காருக்கு அடியில் கிடந்தான். கொடியைப் பற்றிக் கேட்டதும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். “அது சும்மா ரெபல் கொடி, மேட். இசைக்கு வைக்கிறது. அதில் அரசியல் இல்லை.” அது எந்தச் சண்டையில் பிடித்த கொடி என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, ஏதோ புரிந்தவன்போல அவன் முகம் மலர்ந்தது. “நீங்கள் சிறிலங்காத் தமிழர் அல்லவா? பேப்பரில் படித்திருக்கிறேன். நீங்களும் ரெபல்கள்தானே?” என்று என் தோளில் தட்டினான். என்னைத் தன் பக்கத்து ஆளாக்கிவிட்டதில் அவனுக்கு உண்மையான மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியை அப்படியே விட்டுவிட்டு திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் பவானி தான் போட்ட தையலை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஊரில் ஓர் ஆயுத இயக்கத்துப் பெடியள் சிவப்புத் துணியோடு வந்து அவளிடம் கொடி தைத்து வாங்கியிருந்தார்கள். பிறகு அவர்களை அடித்துக் கலைத்த இன்னோர் இயக்கம் வந்து, யார் தைத்தது என்று விசாரித்தது. பவானியின் பெயரைச் சொல்லாமல் அடி வாங்கியவர் சந்தியில் கடை வைத்திருந்த தையற்காரர். அவருக்குப் பிறகு வலது கையைத் தூக்க முடியவில்லை. இதையெல்லாம் அன்று அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும் என்பதால். “ஹினேயிட்ட நான் சொல்லுறன். நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ, சண்டையாப் போயிடும்” என்றாள். “அவள் கோவிச்சுக்கொண்டு போனா என்ன செய்யிறதெண்டும் தெரியேல்லை.”

மறுநாள் ஹினே வந்தாள். பவானி கொடியை மடித்துப் பையில் வைத்து நீட்டினாள். தன் உடைந்த ஆங்கிலத்தில், பாவாடை எத்தனை வேண்டுமானாலும் தைப்பேன், கொடி தைக்கமாட்டேன் என்றாள். என் ஊரில் தைத்தேன், ஒரு மனிதனின் கை போனது என்றாள். “இது வெறும் இசை, டார்லிங்” என்றாள் ஹினே. “அங்கே ஆடும்போது என்னை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அதற்காகத்தான் நான் போகிறேன்.” பவானி பையைப் பிடித்தபடியே நின்றாள். ஹினே அதை வாங்கிக்கொண்டு, ஊற்றிய தேநீரைக் குடிக்காமல் போனாள். அதன்பிறகு குசினியில் சிரிப்புக் கேட்கவில்லை. அரைவாசி தைத்த ஒரு பச்சைப் பாவாடை கதிரையில் தொங்கியது. நான் சொன்னது சரி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தக் கதிரையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அந்த நாட்களில்தான் எங்கள் ஆட்களின் பொங்கல் விழாவை நினைத்துப் பார்த்தேன். நாங்களும் மண்டபம் எடுக்கிறோம், அறுபதுகளின் பாட்டுகளைப் போடுகிறோம், யாழ்ப்பாணம் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று கண் கலங்குகிறோம். அந்த அறுபதுகளில் எங்கள் கோயில் வாசலுக்கு வெளியே யாரை நிற்கவைத்திருந்தோம் என்று ஒருவரும் பேசுவதில்லை. வெளியே நின்றவர்களின் பிள்ளைகளும் இந்த மண்டபத்துக்கு வருகிறார்கள், எங்களோடு இருந்து வடை சாப்பிடுகிறார்கள். அவர்கள் மேடையைப் பார்க்கும்போது என்ன காண்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. பழைய காலத்தில் விருப்பமானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவது எவ்வளவு சுலபம்! ட்ரெவர் மட்டும் செய்கிற வேலை இல்லை அது. இதை எழுதினால் ஊரிலும் இங்கேயும் சிலர் என்னோடு கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

பிறகு ஒரு சனிக்கிழமை ஹினே பின்கதவால் வந்தாள். பச்சைப் பாவாடையை இடுப்பில் வைத்து, விளிம்பு மடிக்க வேண்டும் என்று கையால் காட்டினாள். பவானி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்தாள். கழகத்தில் கொடியைப் பற்றிக் கதைத்தாளாம். சிலர் சிரித்தார்களாம், ட்ரெவர் கோபித்தானாம், கழற்றுவதற்கு ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லையாம். “நானும் தைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்” என்றாள் ஹினே. சற்று நேரத்தில் ஏதோ ஒன்றுக்கு இருவரும் சிரித்தார்கள். அடுத்த அறையில் இருந்த நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆட்டத்துக்குப் பவானி போகத்தான் வேண்டும் என்றாள். கூட்டிப் போனேன். கொடி அதே சுவரில் இருந்தது. மூலையை ஒருவரும் தைக்கவில்லை. கிழிசல் மடிந்து தொங்கி, ஆட்கள் கதவைத் திறக்கும்போதெல்லாம் அசைந்தது. ட்ரெவர் என்னைக் கண்டு தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சீப்பை எடுத்துத் தன் குருவிக்கூட்டைச் சரிசெய்தான். அந்தக் கை வளைவில் ஒரு கணம் சித்தப்பாவைக் கண்டேன். டபிள் பேஸ் இடிக்கத் தொடங்கியது. பச்சைப் பாவாடை விரிந்தது, பக்கத்தில் பவானியின் சேலைத் தலைப்பும் சுழன்றது.

“உள்ளுக்கு வாங்கோவன். ஏன் வாசலில நிக்கிறியள்?” என்று அவள் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

நான் அசையவில்லை. முதுகில் பாபகூராவின் குளிர், முகத்தில் மண்டபத்தின் சூடு. அந்தக் கிழிந்த மூலையை விட்டு என் கண் எடுபடவில்லை. கார்ச் சாவி கைதவறி விழுந்து, எடுக்கக் குனிந்தபோதுதான் கண்டேன், என் வலது கால் எப்போதோ தாளம் போடத் தொடங்கியிருந்தது.