மூன்று பொட்டும் ஒரு வயரும்

வெள்ளவத்தை லொட்ஜ் அறையில் முதல்நாளே பிளக் என்னோடு மல்லுக்கு நின்றது. சுவிசில் இருந்து கொண்டுவந்த லப்டொப்பின் பிளக்குக்கு மெல்லிய இரண்டு கால்கள். இங்கே சுவரில் உள்ள ஓட்டைகள் பெரியவை. செருகினால் ஆடும், கையை எடுத்தால் விழும். கடைசியில் ஒரு நெருப்புக்குச்சியைச் சீவி இடைவெளியில் இறுக்கினேன். பச்சை வெளிச்சம் வந்தது. அந்த வித்தையை நான் சுவிசில் படிக்கவில்லை. இளவயதில் கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் பீங்கான் கழுவினேன். கடை றேடியோவுக்குப் பிளக்கே கிடையாது, இரண்டு வயரையும் ஓட்டைக்குள் விட்டுக் குச்சியால் இறுக்குவோம். பிறகு பேர்ண் நகரத்தில் இருபது வருசத்துக்கு மேல் அதே பீங்கான் கழுவும் வேலை. அங்கே சுடுதண்ணீர் குழாயில் வரும், அதுதான் வித்தியாசம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இந்த இரண்டு ஊரின் கோப்பைகளும் நன்றாகத் தெரியும். லப்டொப் தெரியாது.

தெரியாத சாமானை ஏன் காவிக்கொண்டு திரிந்தேன் என்று கேட்பீர்கள். என் மனிசி இராசமணிக்குப் போன வருசம் பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. ரெலிபோனைக் காதில் வைத்தால் மூச்சுச் சத்தம் மட்டும்தான் வரும். அவளுக்கு உடன்பிறந்தது ஒரு தங்கச்சி, தவமணி. யாழ்ப்பாணத்தில் தனிய இருக்கிறாள். இருவரும் முகம் பார்த்து இருபத்திரண்டு வருசம். அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருத்தலாம் என்றுதான் கொழும்புக்கு வந்தேன். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்த காலம். அவள் அனுமதி எடுத்து, விமானத்தில் வந்து, என்னோடு தூதரகப் படியும் ஏறினாள். விசா இல்லை என்று திங்கட்கிழமை கடிதம் தந்தார்கள். வெள்ளிக்கிழமையோடு கொழும்பில் தங்க அவள் எடுத்த பொலிஸ் பதிவு முடிகிறது, அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும். மகளுக்கு வேலை இல்லாத நாள் வியாழன். அன்று மத்தியானம் அம்மாவை உடுப்பு மாற்றிக் கமராவுக்கு முன்னால் இருத்தி வைப்பதாகச் சொன்னாள். அந்த ஒரு நாளுக்குள் எனக்கு இன்ரநெற் வேண்டும். பக்கத்து இன்ரநெற் கடையில் இருந்த கமராவோ பழுதாகிக் கிடந்தது, என் லப்டொப்பைச் செருகவும் விடவில்லை.

புதன்கிழமை காலை தவமணியோடு காலி வீதியில் ஒரு போன் கடைக்குப் போனேன். லப்டொப்பில் செருகுகிற சின்னக் கட்டை ஒன்று விற்றார்கள், அதைச் செருகினால் எங்கேயும் இன்ரநெற் வருமாம். விற்கிற பெண்பிள்ளை மரியாதையானவள். என் சிவப்புப் பாஸ்போர்ட்டை வாங்கிச் சிரித்தாள். பிறந்த ஊரைக் கேட்டாள், யாழ்ப்பாணம் என்றதும் சிரிப்பை நிறுத்தி, பாஸ்போர்ட்டை உள்ளே கொண்டுபோய் யாரிடமோ காட்டினாள். இலங்கை அடையாள அட்டை இருக்கிறதா என்று வந்து கேட்டாள். என்னுடையது எப்போதோ செல்லாமல் போய்விட்டது. தவமணி தன்னுடையதை நீட்டினாள். அதில் யாழ்ப்பாண விலாசம், கொழும்பு விலாசம் வேண்டும் என்றாள். எனக்கு ஊர் கூடிப் போய்விட்டது, தவமணிக்கு ஊர் குறைந்து போய்விட்டது. இருவருக்கும் கட்டை கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது சந்தியில் சோதனைச் சாவடி. பையைத் திறந்த ஆமிப் பிள்ளை லப்டொப்பை விரித்தான். மேல் வரிசைப் பொத்தான்கள் மூன்றில் என் மகள் ஒட்டுப்பொட்டு ஒட்டியிருந்தாள். பெரியது, நடுத்தரம், சின்னது. இந்த ஒழுங்கில் அமத்தினால் வீட்டுப் படம் வரும், வேறெதையும் தொடாதேங்கோ அப்பா என்பது அவளுடைய கட்டளை.

"மே மொகத?" என்று அவன் கேட்டான், இது என்ன என்று.

கொட்டாஞ்சேனையில் நான் சிங்களத்தில் சண்டையே பிடித்தவன். மகள் ஒட்டியது என்று சொல்ல வாயைத் திறந்தேன், வந்தது ஜேர்மன். தலைக்குள் வேற்று மொழிக்கு ஒரே பெட்டிதான் போலும், திறந்தால் மேலே கிடப்பதுதான் கையில் வரும். இந்தக் கிழவன் ஏன் விளங்காத பாசை பேசுகிறான் என்று அவன் பெரியவனைக் கூப்பிட்டான். பெரியவன் பொட்டுகளை ஒவ்வொன்றாக நகத்தால் உரித்து, அடியில் பார்த்து, ஒன்றும் இல்லை என்று கண்டதும் ஊதிவிட்டான். மூன்றும் காலி வீதியில் பறந்தன. தவமணி தெருவில் குனிந்து தேடப் போனாள், நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று பின்னேரம் முழுக்க அறைக்கும் படிக்கும் நடந்தேன். லொட்ஜ் மனேச்சரின் மேசையில் கம்பியூட்டரும் இன்ரநெற்றும் இருந்தன. அதன் வயரைக் கொஞ்சநேரம் தரச்சொல்லி மூன்று தரம் கேட்டும் அவர் இடம் கொடுக்கவில்லை. கணக்கில்லாத தரம் பொலிசுக்குப் பதில் சொன்ன மனிதர், பயம் நியாயமானது.

"சுவிஸ்காரர், நீங்கள் பிளேன் ஏறிப் போயிடுவியள். வயர் இஞ்சதானே கிடக்கும். நாளைக்கு வந்து கேட்டா நான் ஆரைக் காட்டுறது?"

வியாழன் காலையில் தவமணி தானே போய் அவருக்கு முன்னால் நின்றாள். என்ன கதைத்தாளோ தெரியாது. பின்னேரம் வயர் தருவார், ஆனால் அது கவுண்டர் மட்டும்தான் எட்டும், அவருக்கு முன்னால் இருந்து, அவருக்குக் கேட்கும்படி சத்தமாகக் கதைக்க வேண்டும் என்று வந்து சொன்னாள்.

நாலு மணிக்குக் கவுண்டரில் லப்டொப்பை வைத்தேன். பேர்ணில் அப்போது பன்னிரண்டு கடந்திருக்கும். தவமணி, அக்கா முந்தி அனுப்பின நீலச் சேலையைக் கட்டி வந்தாள். விசாவுக்காக லொட்ஜில் காத்திருந்த சனம் கதிரைகளை இழுத்து வைத்துக்கொண்டு சுற்றி இருந்தது. மனேச்சர் வயரைச் செருகினார். எனக்கு முன்னால் மேல் வரிசைப் பொத்தான்கள் எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்பாக இருந்தன. மகளைக் கேட்கலாம் என்று மனேச்சரின் ரெலிபோனை எடுத்தால், வெளிநாட்டுக்கு அதில் பேச ஏலாதாம். கையைப் பொத்தான்களுக்கு மேலே கொண்டுபோனேன். எதையாவது அமத்திக் கெடுத்துவிட்டால் இருபத்திரண்டு வருசமும் என் விரலில் போய்விடும்.

"விடுங்கோ அத்தான்," என்று தவமணி என் கையைத் தட்டிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மேல் வரிசையை விரல் நுனியால் தடவினாள். "பொட்டுத்தானே போனது. பசை கிடக்குது. இது பெரிசு. இது நடு. இந்தா சின்னன்."

அமத்தினாள். கன நேரம் ஒரு வட்டம் சுத்தியது. பிறகு என் வீட்டுக் குசினி வந்தது, அடுப்புக்கு முன்னால் கதிரையில் இராசமணி.

நான் தவமணிக்கு ஒரு பொய் சொல்லியிருந்தேன். கையும் காலும்தான் கொஞ்சம் இழுத்தது என்று சொன்னேனே தவிர, வாய் கோணியதைச் சொல்லவில்லை. இப்போது அது முழுத் திரைக்கும் தெரிந்தது. தவமணி பேசவில்லை. அங்கே இராசமணியால் பேச முடியாது. மனேச்சர் காதைக் குடுத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் ஒருத்தரும் கதைக்கேல்ல?"

"அவவுக்குக் கதைக்க ஏலாது தம்பி," என்றேன்.

அவர் கொஞ்சநேரம் திரையைப் பார்த்தார். பிறகு மேசையைச் சுற்றி வெளியே வந்து, தெரு வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

தவமணி மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, ஆர் உனக்குத் தலை இழுத்தது? வகிடு வளைஞ்சு காங்கேசன்துறைக்குப் போகுது."

இராசமணியின் பாதி வாய் சிரித்தது. அவளைச் சிரிக்க வைக்க நானும் மகளும் ஒரு வருசம் பாடுபட்டோம். பிறகு தவமணி ஓயவில்லை, கிணற்றையும் பக்கத்து வீட்டு மாட்டையும் விசா கொடுக்காத வெள்ளைக்காரியின் மூக்கையும் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள்.

நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று குசினியைப் பார்த்தேன். கதவு ஆணியில் என் குளிர்ச்சட்டை. மேசையில் என் கண்ணாடிக்கூடு. என் வீடுதான், ஒன்றும் அசையவில்லை. திரையின் கீழ் மூலையில் நெருப்புப்பெட்டி அளவில் இன்னொரு படம் இருந்தது. நீலச் சேலை, பின்னால் அறைகளைப் பூட்டும் திறப்புகள் தொங்கும் பலகை, அதற்கு முன்னால் கழுத்தை நீட்டியபடி ஒரு கிழவன். அது நான் என்று தெரிய எனக்குக் கொஞ்சநேரம் பிடித்தது.

இராசமணி நல்ல கையைத் தூக்கி, பக்கத்தில் இருந்த வெறும் கதிரையை இரண்டு தரம் தட்டினாள். வந்து இரு என்று. எங்கள் இருவரில் யாரைக் கூப்பிட்டாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அந்த நெருப்புப்பெட்டிக்குள் தவமணியும் நானும் ஒரே நேரத்தில் முன்னுக்குச் சாய்ந்தோம்.