உப்பு ஏற்றிய உமரி

அம்பத்தூரில் ரயில் ஏறிய அந்தப் பெண்ணின் மடியில் ஒரு மீன் கூடை. உள்ளே மீன் இல்லை, தயிர் டப்பாக்களில் நட்ட உமரிச் செடிகள். வெயிலில் வாடுவது போலத் தெரிந்தன. எதைப் பார்த்தாலும் பதறுகிற ஆள் நான். கேட்காமலே என் பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டேன்.

“இன்னா அண்ணாத்தே இது! ஒரு மாசமா உப்பு ஏத்திப் பழக்கிக்கினு வரேன், நல்ல தண்ணிய ஊத்திக் கெடுக்குறியே!” என்று சிரித்தார். சேலை முனையில் முடிந்திருந்த கல்லுப்பை எடுத்து டப்பாவுக்கு ஒரு சிட்டிகை போட்டார்.

உமரி உப்புச் சேற்றில் வளரும் செடியாம். எண்ணூர்க் கழிமுகத்தில் நடப் போகிறாராம். போன வருஷம் நட்டதெல்லாம் கடல் ஏறி மூழ்கிவிட்டதாம்.

“அப்புறம் ஏம்மா மறுபடியும்?”

“இந்த வாட்டி இன்னும் மேட்டாண்ட நடுவேன். உமரி இருந்தாத்தான் சேறு நிக்கும், எறா தங்கும்.”

“அங்கயும் தண்ணி வந்துட்டா?”

“அதுக்கும் மேல எடம் கீது. நடுவுல எவனும் மதில் கட்டாம இருந்தா போதும். கட்ட வந்தா குறுக்கால போய் நிப்பேன்.”

பேசின் பிரிட்ஜில் வண்டி மாற இறங்கிப் போனார்.

வானம் இருட்டினால் இப்போதும் மேனாம்பேட்டில் என் வீட்டு வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறேன். அவர் இந்நேரம் எந்த மேட்டில் நட்டுக்கொண்டிருக்கிறாரோ!