ஈறு கட்டிய சைக்கிள்

யாராவது பேச வாயைத் திறந்தால் போதும், என்ன சொல்கிறார்கள் என்று இந்த மனிதர் கேட்பதில்லை. திறந்த வாயைப் பார்க்கிறார். மேல் வரிசையில் எது ஒதுங்கியிருக்கிறது, கீழே எது தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் வைத்து மெல்லும் ஆசாமி இவர் என்றெல்லாம் மனத்துக்குள் குறித்து முடித்த பிறகு, "என்ன சொன்னீங்க?" என்பார். செயற்கைப் பல்வரிசை செய்வது தொழில். மனைவியின் தம்பி வைத்த பெயர் முப்பத்திரண்டு. அந்தக் கணக்கில் ஒன்று உதைக்கிறது. ஊரார் வாயையெல்லாம் நிரப்புகிறவரின் கடைவாயில் ஓர் ஓட்டை வெகுகாலமாக அப்படியே இருக்கிறது. கேட்டால், "நாக்குக்கும் ஒரு போக்கிடம் வேணாமா?" என்கிறார்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. அச்சு வார்க்கும் மாவு படிந்த மேசை, ஸ்பிரிட் விளக்கு, இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகள். ஜன்னல் விளிம்பில் உடம்பில்லாத சிரிப்புகள் வரிசையாகக் காய்கின்றன. நாள் முழுக்க முக்காலியில் குனிந்து முதுகு கூனிப்போகவே, சைக்கிள் ஓட்டுவது என்று முடிவெடுத்தார். சாதாரண சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கலாம். வாங்கியதோ, முன்னும் பின்னும் மூட்டை கட்டச் சட்டம் வைத்த, மலையேறித் தேசம் கடக்கவென்றே செய்த நெடும்பயணச் சைக்கிள். பழையது. அதில் ஏறி அவர் போவது ரொட்டிக் கடைக்கு.

விற்றவர் வரைபடம் வரைந்து ஓய்வுபெற்ற பெரியவர். சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினார், சங்கிலியைத் தூக்கிக் காட்டினார். கடைசியில் கைப்பிடிக்கு மேல் இருந்த இரண்டு கியர் லீவர்களையும் காட்டினார். காட்டினாரே தவிரத் தொடவில்லை.

"எல்லாம் கெட்டி தம்பி. இது ரெண்டை மட்டும் முதல் வேலையாக் கழட்டி எறிஞ்சிடுங்க. மாத்தாம ஏறாதீங்க."

"தேஞ்சிருச்சா?"

"அதுவுந்தான்."

"வேற என்ன?"

பெரியவர் காற்றடிக்கும் பம்பை எடுத்து நீட்டினார். நீட்டிய வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது. அடிபட்ட விரல் போலும் என்று முப்பத்திரண்டு பார்த்தார். நகம் முதல் அடி வரை முழு விரல். ஒரு தழும்புகூட இல்லை.

மாற்றாமல் ஏறக்கூடாது என்றது அவர் காதில் ஏறவில்லை. பெரியவர் அதைச் சொன்னபோது இவர் பெரியவரின் முன்பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது லீவர் கடைக்கு வந்து சேர நாளாகும் என்றார்கள். அதுவரை பழையதிலேயே ஓட்டினார். உள்ளே வெட்டுகள் தேய்ந்திருந்ததால் கியர் நிற்காது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் பாதி ஏறும்போது யாரோ கைநீட்டி இழுத்துவிட்டதுபோல் லீவர் தானாகச் சரியும். ஆனால் கையை ஒரு மாதிரி சாய்த்துப் பிடித்தால் சரியாது. எந்த மாதிரி என்று அவர் யோசிக்கவில்லை. கை கண்டுபிடித்துக்கொண்டது.

புதியது வந்த அன்று மச்சானைத் துணைக்கு வைத்துக்கொண்டு பழையதைக் கழற்றினார். கழற்றியதும் விளக்கடியில் வைத்து, லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தேய்மானத்தைப் பார்த்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. லீவர் என்பது கட்டைவிரலால் தள்ளவும் ஆள்காட்டி விரலால் இழுக்கவும் செய்த சின்னக் கம்பு, மேலே ரப்பர் உறை. வலது உறையில் கட்டைவிரல் குழி ஆழமாக இருந்தது, சரி. ஆள்காட்டி விரல் படவேண்டிய பக்கம் மட்டும் வாங்கிய அன்றிருந்தபடி புதிதாக இருந்தது. அதற்குக் கீழே, சாய்வாக, நடுவிரல் இழுத்த பள்ளம். பக்கத்தில் வட்டமாய் ஒரு மினுமினுப்பு. மொட்டையான எதுவோ ஓயாமல் உரசிய இடம்.

"இதை ஓட்டினவனுக்கு ஆள்காட்டி விரல் கிடையாது மாப்ள. ரெண்டாவது கணுவோட போச்சு."

"பெரியவருக்குப் பத்தும் இருக்குன்னீங்களே அத்தான்."

"அதான் எனக்கும் புரியலை," என்று லென்ஸைக் கழற்றினார்.

புது லீவர்கள் குற்றம் சொல்ல முடியாதபடி வேலை செய்தன. கேபிளை இழுத்துக் கட்டிச் சோதித்தபோது ஒவ்வொரு கியரும் சொடக்குப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தது. கைதான் உட்காரவில்லை. எங்கே பிடித்தாலும் அடுத்த வீட்டுக் கதவைப் பிடித்த மாதிரி இருந்தது.

இங்கேதான் அவருடைய தொழில் குறுக்கே வந்தது. புதுப் பல்வரிசை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பழைய வாய் அதைத் துப்பிவிடும். அதனால் அவர் பழைய செட்டை வாங்கி, அதன் தேய்மானத்தை அச்செடுத்து, புதியதில் அப்படியே கொண்டுவந்துவிடுவார். வலிக்காமல் பொருந்துவதால் அவருக்குப் பேர். அதே பழக்கத்தில் பழைய ரப்பர் உறைகளை அச்செடுத்தார். குழி, பள்ளம், அந்த வட்ட மினுமினுப்பு ஒன்றும் விடாமல், ஈறு செய்யும் இளஞ்சிவப்புப் பசையில் வார்த்துப் புது லீவர்களுக்கு மாட்டினார். அதன் பிறகுதான் பழையதைக் குப்பையில் எறிந்தார்.

"சைக்கிளுக்கு ஈறு கட்டிட்டீங்க," என்றான் மச்சான். "நாளைக்குக் கடிச்சு வைக்கப் போவுது."

"கடிச்சாலும் பொருந்திக் கடிக்கும், போடா."

கை உள்ளே போய் உட்கார்ந்தது. வெளியூர் போயிருந்த ஆள் வீடு திரும்பிய மாதிரி.

அவர் மனைவி தட்டச்சுப் பயிற்சி நடத்துகிறவர். கணவர் வாய்களைப் பார்ப்பது போல அவர் விரல்களைப் பார்ப்பவர். ஆகையால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது குறைவு, சண்டையும் குறைவு. ஒருநாள் காலை கணவர் சட்டைப் பொத்தான் போடுவதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்னங்க, ஆள்காட்டி விரலை எங்க விட்டீங்க?"

"இங்கதான் இருக்கு."

"இருக்கு. வேலைக்கு வரலை."

அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. கணவர் செய்தித்தாளை நடுவிரலால் புரட்டினார், அழைப்பு மணியைக் கணுவால் அழுத்தினார், தேநீர் தம்ளரை நான்கு விரலில் எடுத்தார். சொன்னால் விரலை நீட்டுவார். நீண்ட விரல், சொன்னவர் பார்வை விலகியதும் உள்ளே போய்விடும். வலியில்லை, மரமரப்பில்லை. விரலுக்கு அங்கே இருக்க இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

பிறகு பாட்டு டீச்சரம்மாவுக்குச் செய்து கொடுத்த பல்வரிசை திரும்பி வந்தது. "கடிச்சா இந்தப் பக்கம் சேரவே மாட்டேங்குது. காத்து வாங்குது," என்றார் அவர். முப்பத்திரண்டு வாங்கி விளக்கில் பார்த்தார். மெழுகில் பல்லை நிறுத்தும்போது கட்டைவிரல் பின்னால் தாங்க, ஆள்காட்டி விரல் முன்னால் அழுத்த வேண்டும். இங்கே தாங்கியிருந்தது, அழுத்தவில்லை. செய்த கை தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. வேலை அனுப்பும் பல் டாக்டர் போனில் பொறுமையாகவே சொன்னார்: "இன்னொண்ணு இப்படி வந்தா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்."

அன்று மாலையே பெரியவர் வீட்டுக்குப் போனார். பெரியவர் மேசையில் பென்சிலால் ஒரு நதியை வரைந்துகொண்டிருந்தார். பென்சிலின் மேல் ஆள்காட்டி விரல் சுகமாகப் படுத்திருந்தது.

"சரியாயிடுச்சு தம்பி. சைக்கிள் போன கொஞ்ச நாள்ல தானா வந்திருச்சு."

"உங்களுக்கு வித்தவருக்கு விரல் இருந்துச்சா?"

"இருந்துச்சு. மடக்கித்தான் வெச்சிருந்தாரு. அவருக்கு வித்தவரை நான் பார்த்ததில்லை." பெரியவர் பென்சிலைக் கீழே வைத்தார். "லீவரை எறிஞ்சிட்டீங்கல்ல?"

"எறிஞ்சிட்டேன்."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

இந்தத் தடவை அவர் பெரியவரின் பல்லைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, மாவு அச்சு உடைக்கும் சுத்தியலால் இளஞ்சிவப்பு உறைகளை லீவரிலேயே வைத்து உடைத்தார். உறைகள் விள்ளலாக விழுந்தன. கட்டைவிரல் குழியுள்ள துண்டு கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் குறடால் பிடுங்கவேண்டியிருந்தது. சைக்கிளை விற்றுவிடலாமே என்ற மச்சானிடம், "வாங்கறவன் கையைப் பார்த்துட்டே எப்படிடா விக்கிறது?" என்றார்.

இப்போது மொட்டை லீவரில்தான் ஓட்டுகிறார். கை நோகிறது. வலிக்காமல் பொருத்துவதில் பேரெடுத்தவர் நோகட்டும் என்று ஓட்டுகிறார். ஆள் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறார். யார் பேசினாலும் முதலில் கையைப் பார்க்கிறார்.

இன்று காலை டீச்சரம்மாவின் பல்வரிசையை மறுபடி எடுத்தார். மனைவி தேநீரோடு வாசற்படியில் நின்றார். முதல் பல்லை எடுத்ததும் ஆள்காட்டி விரல் மெல்ல உள்ளே போனது. முப்பத்திரண்டு பல்லைக் கீழே வைத்தார். மெழுகுத் தகடு ஒன்றை விளக்கில் காட்டி இளக்கி, மேசை விளிம்பில் பரப்பினார். இடது கையால் அந்த விரலைப் பிடித்து நிமிர்த்தி, சாய்வு பார்த்து, ஒரு பல்லை நிறுத்துவதுபோல் மெழுகில் பதித்து, அழுத்திப் பிடித்துக்கொண்டார். மெழுகு இறுகும்வரை மனைவி அந்த விரலிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.